வெக்கை - முதல்ல யார் சொல்றது?

ஆயுத பூஜைக்கு நாலு நாள் லீவு சேர்ந்தாப்புல கிடைச்சது. லேப்டாப்பை பெங்களூர் ரூம்லயே வச்சுட்டு ஊருக்குப் போயிட்டேன். ஊருன்னா ஆரணிக்குப் பக்கத்துல ஒரு கிராமம். பஸ்ஸை விட்டு இறங்கி ரெண்டு கிலோமீட்டர் நடக்கணும்.

போன மறுநாள் காலையில மாமா மாட்டுக் கொட்டாய்ல குந்திக்கிட்டு ஒரு கறவை மாட்டோட கழுத்தைத் தடவிக்கிட்டு இருந்தார். என்னன்னு போய்ப் பார்த்தா, தோல்ல அங்கங்க புளியங்கொட்டை சைஸுக்கு முடிச்சு முடிச்சா கட்டி. மாடு தீனி எடுக்கல. கண்ணுல தண்ணி. "பெரியம்மை மாதிரி இருக்குடா. மத்த மாட்டுக்கு இன்னும் வரல. நாளைக்கு சந்தை. இதை விட்டுட்டு மத்த ரெண்டையும் ஓட்டிக்கினு போயி வித்துடலாமான்னு பாக்கறேன்" அப்படின்னார், ரொம்ப மெதுவா. பக்கத்து வீட்டுக்குக் கேட்டுடக் கூடாது இல்ல?

திண்ணையில உக்காந்திருந்த ஆயாவுக்குக் கேட்டுடுச்சு. எண்பது வயசு தாண்டிடுச்சு, நாம சத்தமா பேசினா காது கேக்காது, ரகசியம் பேசினா மட்டும் நல்லாவே கேக்கும் :) "இன்னாடா சொல்ற? உங்கப்பன் பண்ண பாவம் போதாதா? நீயும் பண்ணணுமா?"

அப்புறம்தான் அந்தக் கதை வந்தது. இத்தனை வருஷத்துல எனக்கு யாரும் சொல்லாத கதை.

எங்கப்பா பொறக்கறதுக்கு முந்தின வருஷமாம். ஊர்ல கோடி வீட்டுல ஒரு மாடு வெக்கையில விழுந்திருக்கு. ரெண்டாவது நாள் எங்க தாத்தாவோட உழவு மாட்டு ஜோடியில ஒன்னுக்குக் கண்ணுல தண்ணி வடிஞ்சிருக்கு. தாத்தாவுக்குப் புரிஞ்சு போச்சு. ராவோட ராவா ரெண்டு மாட்டையும் ஓட்டிக்கிட்டுப் போயி, விடியற நேரத்துல சந்தையில கிடைச்ச விலைக்குத் தள்ளிட்டு வந்துட்டார். வாங்கினவர் இருபது மைல் தள்ளி இருக்கற ஒரு ஊர்க்காரர். மூணு வாரம் கழிச்சு அந்த மனுஷன் தேடிக் கண்டுபிடிச்சு எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னிருக்கார். அவர் வீட்டுல, அவர் பங்காளிங்க வீட்டுலன்னு மொத்தம் பதினோரு உருப்படி போச்சாம். சண்டை எல்லாம் போடலியாம். "தெரிஞ்சேதான் குடுத்தியா?"ன்னு மட்டும் கேட்டாராம். தாத்தா பதில் சொல்லல. அதுக்கப்புறம் சாகற வரைக்கும் அந்த சந்தைக்கு அவர் போகவே இல்லையாம்.

தாத்தாவைக் குத்தம் சொல்லணும்னு இதை எழுதல. உழவு மாடு ரெண்டும் போனா அந்த வருஷ வெள்ளாமையே போச்சு. மாடு வாங்கின கடன் வேற நிக்குது. போய் சொன்னா மட்டும் யார் என்ன குடுத்துடப் போறாங்க? நானும் ஒன்னும் யோக்கியன் இல்ல. ஒரு வருஷத்துக்கு முன்னாடி ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், நான் எழுதின புரோகிராம் டேட்டாவைத் தப்பா எழுதிக்கிட்டு இருக்கறதைப் பார்த்தேன். பார்த்துட்டு, ஒருத்தர்கிட்டயும் சொல்லாம, திங்கக்கிழமை பாத்துக்கலாம்னு வீட்டுக்குப் போயிட்டேன். திங்கக்கிழமைக்குள்ள அது ஒரு டேபிள்ல இருந்து ஏழு டேபிளுக்குப் பரவிடுச்சு. வெள்ளிக்கிழமையே சொல்லியிருந்தா அரை மணி நேர வேலை. அதனால தாத்தா பயம் எனக்கு நல்லாவே புரியுது.

பெங்களூர் திரும்பினதும் இந்த வெக்கையைப் பத்தித் தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். படிக்கப் படிக்கத் தூக்கம் போச்சு. முன்னூறு வருஷமா உலகம் பூரா எங்க தாத்தாவோட அந்த ஒரு ராத்திரியைத்தான் திரும்பத் திரும்ப வாழ்ந்திருக்கு. மருந்து ஒரு பக்கம் இருக்கட்டும், "எங்க கொட்டாய்ல வந்துடுச்சு"ன்னு முதல் ஆள் வாயைத் திறக்கறதுக்கு என்ன வழிங்கறதுதான் இந்த நோயோட மொத்த சரித்திரமும்.

வெக்கைன்னா என்ன?

ஜெர்மன்காரங்க வச்ச பேரு ரிண்டர்பெஸ்ட். மாட்டு பிளேக்னு அர்த்தம். நம்ம ஊர்ல வெக்கை. மனுஷனுக்கு வர்ற தட்டம்மை வைரஸுக்கு இது ஒன்னுவிட்ட அண்ணன். ஆனா அண்ணன் ரொம்ப மோசமானவன். இதுக்கு முன்னாடி இந்த நோயையே பார்க்காத மந்தையில புகுந்தா பத்துக்கு எட்டு, ஒன்பது மாடு காலி.

அடையாளம் இதுதான்:

1. முதல்ல கடுமையான காய்ச்சல். மாடு தனியா ஒதுங்கி நிக்கும், அசை போடாது.
2. கண்ணுலயும் மூக்குலயும் தண்ணி. ரெண்டு நாள்ல அது சளி மாதிரி கெட்டியாகும்.
3. வாய்க்குள்ள, ஈறுல, உதட்டுக்கு உள்பக்கம் தவிட்டைத் தூவின மாதிரி வெள்ளை வெள்ளையா புண். எச்சில் ஒழுகும், நாத்தம் தாங்காது.
4. அப்புறம் கழிச்சல். தண்ணியா, ரத்தம் கலந்து. உடம்புல இருக்கற தண்ணி எல்லாம் போயி, ஒரு வாரம் பத்து நாள்ல மாடு சாயும்.

இதுல வில்லங்கம் என்னன்னா, முதல் ரெண்டு நாள்ல பார்த்தா சாதாரணக் காய்ச்சல் மாதிரிதான் இருக்கும். வாய்ப் புண்ணை மட்டும் பார்த்தா கோமாரியோன்னு தோணும். நாலாவது அடையாளம் வந்து "ஆமா, இது வெக்கைதான்"னு ஊரே ஒத்துக்கற நேரத்துக்குள்ள, அந்த மாட்டோட மூச்சுலயும் எச்சில்லயும் சாணியிலயும் இருந்து பக்கத்து மாடுங்களுக்குப் போயிருக்கும். சந்தைக்கு ஓட்டிட்டுப் போற நேரமும் சரியா அதுதான். நடக்கற தெம்பு இருக்கற மாட்டைத்தானே ஓட்ட முடியும்?

கயிறும் காசும்

1711 வாக்குல ஐரோப்பாவுல வெக்கை பெருசா கிளம்புது. இத்தாலிக்குள்ள வந்ததும் போப் பதினோராம் கிளெமெண்ட் தன்னோட வைத்தியரைக் கூப்பிட்டுக் கேட்டார். அவர் பேரு ஜியோவானி மரியா லான்சிசி. கிருமி, வைரஸ் எல்லாம் தெரியாத காலம். ஆனாலும் இது மாட்டுல இருந்து மாட்டுக்குத் தொத்தற நோய்னு அவர் சரியாப் பிடிச்சுட்டார். நோய் வந்த மாட்டைக் கொல்லு, ஆழமாப் புதை, மாடு போக்குவரத்தை நிறுத்து. இதுதான் அவர் சொன்ன வைத்தியம். உத்தரவை மீறினவனுக்கு மரண தண்டனை. ஒளிச்சு வச்சா கயிறுன்னு அர்த்தம்.

அதே நோய் 1714ல லண்டன் பக்கம் பால் மாடுகளுக்கு வந்தது. அங்க ராஜாவோட அறுவை வைத்தியர் தாமஸ் பேட்ஸ் களத்துல இறங்கினார். அவரும் கொல்லுன்னுதான் சொன்னார். ஆனா ஒரு விஷயம் சேர்த்தார். நோய் வந்த மாட்டைத் தானா வந்து காட்டிக் குடுத்தா, மாட்டுக்கு 40 ஷில்லிங் நஷ்ட ஈடு. முழு விலை கிடையாது, இருந்தாலும் சும்மா சாகறதுக்கு 40 ஷில்லிங் மேல் இல்லையா? ஜனங்க வந்து சொன்னாங்க. சில மாசத்துல நோய் அடங்கிடுச்சு.

இந்த ரெண்டு பேரும் சொன்ன வைத்தியம் ஒன்னுதான். ஒருத்தர் கயிறைக் காட்டினார், இன்னொருத்தர் காசைக் காட்டினார். அடுத்த ரெண்டு நூற்றாண்டும் இந்தச் சண்டைதான்.

(இன்னொரு தகவல்: உலகத்துல முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி பிரான்ஸ்ல லியோன் நகரத்துல 1761ல ஆரம்பிச்சதுக்கு வெக்கை ஒரு முக்கிய காரணம். வெட்னரி டாக்டர்னு ஒரு ஜாதி உருவானதே இந்த நோயாலதான்னு சொல்லலாம்.)

சொன்னவனை யாரும் நம்பல

இங்கிலாந்து பேட்ஸ் சொன்ன பாடத்தை 150 வருஷத்துல நல்லா மறந்துடுச்சு. ஜான் காம்ஜீன்னு ஒரு கால்நடை மருத்துவர். 1863ல ஜெர்மனியோட ஹாம்பர்க்ல முதல் சர்வதேச கால்நடை மருத்துவர் மாநாட்டைக் கூட்டினவர். ரயிலும் நீராவிக் கப்பலும் வந்தப்புறம் மாடு வேகமா நகருது, வெக்கை சீக்கிரமே நம்ம ஊருக்கு வந்துடும், எல்லையில தடுங்கன்னு கத்திக்கிட்டே இருந்தார். மாட்டு வியாபாரிங்களுக்கு அவரைப் பார்த்தா எரிச்சல். சர்க்கார்லயும் காது குடுக்கல.

1865ல ரஷ்ய சாம்ராஜ்யத்தோட ரெவல் துறைமுகத்துல (இப்ப எஸ்டோனியாவோட தாலின்) இருந்து ஒரு கப்பல் மாடுங்க ஹல் நகரத்துக்கு வந்து இறங்குச்சு. அதுல இருந்து லண்டன் சந்தை. ஜூன் மாசம் லண்டன் பால் பண்ணைகள்ல மாடு விழ ஆரம்பிச்சது. பண்ணைக்காரங்க என்ன பண்ணாங்கன்னு நினைக்கறீங்க? அதேதான். நோய் வந்த மாட்டோட கொட்டாய்ல நின்ன மத்த மாடுங்களை அவசர அவசரமா சந்தைக்கு ஓட்டினாங்க. சந்தையில இருந்து ரயில் ஏறி நாடு பூரா போச்சு. ஆறே மாசத்துல வாரத்துக்குப் பத்தாயிரத்துக்கும் மேல மாடுகளுக்குப் புதுசா நோய். செத்தது லட்சக்கணக்கில்.

அப்புறம்தான் 1866 பிப்ரவரியில சட்டம் போட்டாங்க. அதுல நஷ்ட ஈட்டுக் கணக்கு எனக்கு ரொம்பப் பிடிச்சது. நோய் வந்த மாட்டைக் கொன்னா பாதி விலை. நோய் வராத, ஆனா கூட நின்ன மாட்டைக் கொன்னா முக்கால் விலை. அதாவது, எவ்வளவு சீக்கிரம் சொல்றியோ அவ்வளவு அதிகம் உனக்கு மிஞ்சும். மனுஷனோட ஆசையையே நோய்க்கு எதிராத் திருப்பி விட்ட கணக்கு! 1867க்குள்ள நோய் ஒழிஞ்சு போச்சு, தடுப்பூசி ஒன்னும் இல்லாமலே.

நம்ம பக்கம்

அதே 1866ல சென்னை மாகாணத்துலயும் கால்நடை நோய்ச் சட்டம்னு ஒன்னு வந்தது. அப்புறம் இந்தியா முழுக்க விசாரிக்க ஹாலன்ங்கற கால்நடை மருத்துவர் தலைமையில ஒரு கமிஷன் போட்டு, 1871ல பெரிய அறிக்கையும் வந்தது. ஐரோப்பாவைக் கொன்ன அதே நோய்தான் இங்க வருஷா வருஷம் மாட்டைத் தின்னுதுன்னு அது சொல்லுச்சு.

ஆனா இங்க இங்கிலாந்து வைத்தியம் செல்லாது. மாட்டைக் கொல்லுன்னு சொல்ல முடியாது. நஷ்ட ஈடு குடுக்க வெள்ளைக்காரனுக்கு மனசும் கிடையாது. அப்ப மிச்சம் என்ன? சட்டம் மட்டும்தான். சொன்னா மாட்டைப் பிரிச்சுக் கட்டணும், சந்தைக்குப் போகக் கூடாது, உழவு நிக்கும். சொல்லாட்டி ஒருத்தருக்கும் தெரியாது. என்னைக் கேட்டா, எங்க தாத்தா அந்த ராத்திரி போட்ட கணக்கு இதேதான். எழுத்துல சட்டம் இருந்துச்சு, அவர் கொட்டாய் வரைக்கும் அது வந்து சேரல.

1889ல புனேவுல ஒரு நுண்ணுயிர் ஆய்வுக்கூடம் திறந்தாங்க. 1893ல அதை இமயமலை அடிவாரத்தைத் தாண்டி முக்தேஸ்வர்னு ஒரு மலை ஊருக்கு மாத்தினாங்க. கிருமியை வச்சு விளையாடறதுக்கு ஊரை விட்டுத் தள்ளி இருக்கணும் இல்ல? இன்னைக்கு இந்திய கால்நடை ஆராய்ச்சி நிறுவனம்னு சொல்றது அதோட வாரிசுதான்.

இதே காலத்துல ஆப்பிரிக்காவுல நடந்தது பெரிய கொடுமை. 1887 வாக்குல இத்தாலிக்காரங்க எரித்ரியாவுக்குப் படை எடுத்துப் போனப்ப கூட்டிட்டுப் போன மாடுங்களோட வெக்கை உள்ள நுழைஞ்சது. பத்து வருஷத்துல தென் முனை வரைக்கும் போயிடுச்சு. போன இடத்துல எல்லாம் பத்துக்கு எட்டு ஒன்பது மாடு செத்துது. எத்தியோப்பியாவுல உழ மாடு இல்லாம 1888ல இருந்து 1892 வரைக்கும் பஞ்சம். ஜனத்தொகையில மூணுல ஒரு பங்கு போயிருக்கலாம்னு கணக்கு சொல்றாங்க. மாட்டு நோய்தானேன்னு யாராவது சொன்னா இந்த வரியைக் காட்டுங்க.

நம்ம மாடு போட்ட பிள்ளையார் சுழி

1920. இந்தியாவுல இருந்து பிரேசிலுக்குத் திமில் மாடுங்களைக் கப்பல்ல ஏத்தி அனுப்பறாங்க. வழியில பெல்ஜியத்தோட ஆண்ட்வெர்ப் துறைமுகத்துல இறக்கி வச்சாங்க. அந்த மாடுங்ககிட்ட வெக்கை இருந்தது. மேற்கு ஐரோப்பா மறந்தே போன நோய் பெல்ஜியத்துல திரும்ப வெடிச்சது.

அங்கதான் எல்லா நாட்டுக்கும் உறைச்சது. ஒவ்வொரு நாடும் தன் வீட்டு நோயை ஒளிச்சு வச்சா, அது கப்பல் ஏறி அடுத்தவன் வீட்டுக்குத்தான் போகும். 1924 ஜனவரியில 28 நாடுகள் சேர்ந்து பாரிஸ்ல ஒரு சர்வதேச அலுவலகம் ஆரம்பிச்சாங்க. இப்ப உலக விலங்கு சுகாதார அமைப்புன்னு இருக்கறது இதுதான். ஐக்கிய நாடுகள் சபையை விட மூத்தது தெரியுமா? அதோட விதியில முக்கியமான ஒன்னு: நோய் இல்லாத இடத்துல வெக்கையோ கோமாரியோ முதல் தடவையா வந்தா, அந்த நாட்டு அரசாங்கம் உடனே தந்தி அடிக்கணும். தபால் இல்ல, தந்தி!

எங்க தாத்தா செஞ்ச அதே தப்பை நாடுகள் செய்யாம இருக்கத்தான் இந்த ஏற்பாடு. அந்த மாடு இந்திய மாடுங்கறதுதான் கொஞ்சம் நெருடல்.

ஊசி வந்தது, கண் போனது

இப்ப மருந்து பக்கம். முக்தேஸ்வர்ல எட்வர்ட்ஸ்ங்கறவர் 1920கள்ல வெக்கை வைரஸை ஆட்டுல திரும்பத் திரும்பச் செலுத்தி, மாட்டைக் கொல்லாத அளவுக்கு அதோட வீரியத்தைக் குறைச்சு ஒரு தடுப்பூசி உண்டாக்கினார். அப்புறம் கென்யாவுல முகுகா ஆய்வுக்கூடத்துல வால்டர் ப்ளோரைட் 1960 வாக்குல செல் வளர்ப்பு முறையில இன்னும் நல்ல ஊசி கண்டுபிடிச்சார். ஒரு ஊசி, ஆயுசுக்கும் பாதுகாப்பு. 1999ல உலக உணவுப் பரிசு இவருக்குக் குடுத்தாங்க.

இந்தியா 1954ல தேசிய அளவுல வெக்கை ஒழிப்புத் திட்டம் ஆரம்பிச்சு, கோடிக்கணக்குல ஊசி போட்டது. நோய் சரசரன்னு குறைஞ்சது. ஆனா ஒழியல. வருஷா வருஷம் எங்கேயாவது தலை தூக்கிக்கிட்டே இருந்தது. ஆப்பிரிக்காவுலயும் அதே கதை. 1962ல இருந்து 1976 வரைக்கும் பல நாடுகள் சேர்ந்து ஊசி போட்டு, கிட்டத்தட்ட முடிச்சுட்டாங்க. முடிஞ்சதுன்னு நினைச்சுக் கண்ணை மூடினாங்க. ஒதுக்குப்புறமா ரெண்டு மூணு இடத்துல ஒளிஞ்சிருந்தது 1980கள்ல கண்டம் பூரா திரும்பக் கிளம்புச்சு.

நம்ம பக்கத்துலயே ஒரு உதாரணம். இலங்கையில நாப்பது வருஷமா வெக்கை கிடையாது. 1987ல இந்திய அமைதிப்படையோட சாப்பாட்டுக்காகக் கொண்டு போன ஆடுங்களோட அங்க நுழைஞ்சதா பதிவாகியிருக்கு. ஆட்டுல நோய் பெருசா வெளிய தெரியாது. யார் கண்ணுலயும் படாமலே கடல் தாண்டிடுச்சு. அங்க அதை ஒழிக்க 1994 ஆச்சு.

ஏன் கடைசி அஞ்சு பர்சென்ட் மட்டும் போக மாட்டேங்குது? எங்க வேலையில இதுக்கு ஒரு உதாரணம் இருக்கு. ஒரு புரோகிராம் அப்பப்ப எரர் அடிக்குதுன்னு வைங்க. எரர் வந்தா தானா மறுபடி ஓட்டுன்னு ஒரு வரி சேர்த்துட்டா எல்லாம் நல்லா ஓடற மாதிரியே தெரியும். கோளாறு உள்ள அப்படியே இருக்கும், நமக்குத் தெரியாது. ஊசியும் இதைத்தான் பண்ணுச்சு. பாதி மாட்டுக்கு ஊசி போட்டாச்சு, அதனால பெரிய சாவு இல்ல. சாவு இல்லாததால யாரும் வந்து சொல்றதில்ல. ரத்தத்தை எடுத்து சோதிச்சா எதிர்ப்புச் சக்தி தெரியும். ஆனா அது ஊசியால வந்ததா, நோயால வந்ததான்னு பிரிச்சுச் சொல்ல முடியாது. ஊசியே நோய்க்குப் போர்வை ஆயிடுச்சு.

அப்ப என்ன வழி? கேட்டா பயமா இருக்கும். ஊசியை நிறுத்து! நிறுத்திட்டு, கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டு பாரு!

1989ல பாரிஸ் அலுவலகம் இதுக்கு ஒரு படிக்கட்டு போட்டுக் குடுத்தது. முதல் படி, எங்க நாட்டுல நோய் இல்லன்னு தற்காலிகமா அறிவிச்சு, ஊசியை நிறுத்து. அப்புறம் வருஷக் கணக்குல தேடு. நோய் இல்லன்னு நிரூபி. அதுக்கப்புறம் ரத்தத்துல கிருமியோட சுவடும் இல்லன்னு நிரூபி. "யாரும் சொல்லல, அதனால இல்ல"ன்னா செல்லாது. "தேடினோம், இல்ல"ன்னு காட்டணும்.

இந்தியாவுல 1992ல ஐரோப்பிய உதவியோட புதுத் திட்டம் தொடங்குச்சு. அதுல ஊசிக்கு அடுத்த முக்கிய வேலை கிராமத் தேடல். கால்நடைத் துறை ஆளுங்க ஊர் ஊராப் போயி கேட்டாங்க. கண்ணுல தண்ணி, வாயில புண்ணு, கழிச்சல்னு ஏதாவது மாடு இருக்கா? மாடு நடந்து போற வழிகள்லயும், சந்தைங்கள்லயும் போய் நின்னு பார்த்தாங்க. விவசாயி ஆஸ்பத்திரிக்கு வந்து சொல்லட்டும்னு காத்திருக்காம, ஆஸ்பத்திரி விவசாயியைத் தேடி வந்து கேட்டது.

இந்தியாவுல வெக்கை கடைசியாப் பதிவானது 1995ல. எந்த ஊர்லன்னு நினைக்கறீங்க? தமிழ்நாட்டுல, வட ஆற்காடு மாவட்டத்துல. எங்க மாவட்டம்! இதைப் படிச்சப்ப ஸ்க்ரீனையே கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டு இருந்தேன். தாத்தா வித்த மாட்டுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, நடுவுல முப்பது வருஷம். இருந்தாலும்.

1998ல தற்காலிக அறிவிப்பு. 2004ல நோய் இல்லாத நாடு. 2006ல கிருமியே இல்லாத நாடு. கடைசி மாட்டுக்கும் கடைசி சான்றிதழுக்கும் நடுவுல பதினோரு வருஷம். இத்தனையும் மருந்து கண்டுபிடிக்க இல்ல. தேடித் தேடி, இல்லன்னு உறுதி பண்றதுக்கு.

மேய்க்கிறவன் சொல் அம்பலம் ஏறிய கதை

உலகத்துலயே கடைசியா வெக்கை ஒளிஞ்சிருந்தது கென்யா, சோமாலியா பக்கம். அங்க இருந்த வைரஸ் வேற மாதிரி. மாட்டுக்கு லேசாத்தான் வரும். கொஞ்சம் காய்ச்சல், கொஞ்சம் கண்ணீர், ரெண்டு நாள்ல சரியாயிடும். புத்தகத்துல இருக்கற வெக்கையை எதிர்பார்த்துப் போன டாக்டர்களுக்கு இது கண்ணுலயே படல. 1990கள்ல ஸாவோ காட்டுல எருமைங்களும் மான் இனங்களும் கொத்துக் கொத்தாச் செத்தப்புறம்தான் விழிச்சுக்கிட்டாங்க.

அப்ப கை குடுத்தது மாடு மேய்க்கிற நாடோடி ஜனங்க. ஒவ்வொரு நோய்க்கும் அவங்க மொழியில ஒரு பேரு, எந்த வருஷம் எந்தப் பக்கம் இருந்து வந்துச்சுங்கற கணக்கு, எல்லாம் அவங்க மனசுல இருந்தது. டாக்டருங்க மரத்தடியில உக்காந்து அவங்க பேசறதைக் கேட்டாங்க. அதுக்குன்னு தனியா ஒரு முறையே உருவாச்சு. எத்தியோப்பியாவுலயும் தெற்கு சூடான்லயும் அந்த ஜனங்களையே பழக்கி, ஐஸ் பெட்டி இல்லாமலே ஒரு மாசம் தாங்கற ஊசியைக் கையில குடுத்து அனுப்பினாங்க. துப்பாக்கிச் சண்டை நடக்கற இடத்துக்குப் படிச்ச டாக்டர் போக முடியாது, மாடு மேய்க்கிறவர் போவார்.

2001ல கென்யாவோட மேரு தேசியப் பூங்காவுல ஒரு காட்டெருமை. அதுதான் கடைசி. பத்து வருஷம் தேடினப்புறம் 2011 மே, ஜூன் மாசத்துல வெக்கை உலகத்தை விட்டே போச்சுன்னு அறிவிச்சாங்க. பெரியம்மைக்கு அப்புறம் மனுஷன் அடியோட ஒழிச்ச ரெண்டாவது நோய், இது வரைக்கும் இந்த ரெண்டே ரெண்டுதான்.

திரும்ப எங்க கொட்டாய்க்கு

மாமா மாட்டுக்கு வந்தது தோல் கழலை நோய். இந்தியாவுல 2019லதான் முதல்ல தெரிஞ்சது. 2022ல நாடு பூரா ஒரு லட்சத்துக்கும் மேல மாடுங்களைத் தின்ன நோய். கொசு, ஈ, உண்ணி மூலமாப் பரவும்.

ஆயா திட்டினப்புறம் மாமா ஒன்னும் பேசல. ராத்திரி கொட்டாய்லயே படுத்திருந்தார். காலையில அஞ்சரைக்கு என்னை எழுப்பி, "அந்த டாக்டர் நம்பரைப் போடு" அப்படின்னார். டாக்டர் வந்தார், பார்த்தார், நோய் வந்த மாட்டைத் தனியாக் கட்டச் சொன்னார். புகை போடச் சொன்னார். மத்த மாடுங்களுக்கும், பக்கத்துத் தெரு மாடுங்களுக்கும் ஊசி போட ஏற்பாடு பண்ணார். மாமா சந்தைக்குப் போகல.

இதுக்கு மாமா குடுத்த விலையும் இருக்கு. பக்கத்து வீட்டுக்காரங்க பத்து நாள் பேசல. "உன்னாலதான் எங்க மாட்டையும் சந்தைக்கு ஓட்டக் கூடாதுன்னுட்டாங்க"ன்னு ஒருத்தர் முகத்துக்கு நேரா கேட்டுட்டார். மாடு பொழைச்சுக்குச்சு, ஆனா கறவை பாதிக்கும் கீழ போயிடுச்சு. நஷ்டம் பூரா மாமாவோடது.

2009ல இந்தியாவுல ஒரு சட்டம் வந்திருக்கு. அட்டவணையில இருக்கற தொத்து நோய் மாட்டுக்கு வந்திருக்குன்னு சந்தேகம் வந்தாலே சொந்தக்காரர் ஊர் அதிகாரிகிட்டயோ பஞ்சாயத்துலயோ சொல்லணும், அவங்க கால்நடை டாக்டருக்குத் தெரிவிக்கணும். நோய் வந்த மாட்டைத் தெரிஞ்சே சந்தைக்குக் கொண்டு போகக் கூடாது. நல்ல சட்டம்தான். ஆனா எனக்கு இன்னும் தாமஸ் பேட்ஸோட 40 ஷில்லிங்தான் ஞாபகம் வருது. முதல்ல சொல்றவன் ஊருக்காக சொல்றான். அவன் நஷ்டத்தை மட்டும் அவனே சுமக்கணும்னா, அடுத்த தடவை ராத்திரியோட ராத்திரியா சந்தைக்குத்தான் ஓட்டுவான்.

அது மாறற வரைக்கும் நம்மளால முடிஞ்சது ஒன்னு இருக்கு. தெருவுல முதல்ல சொல்றவரைத் திட்டாம இருக்கலாம். அவர் வீட்டுத் திண்ணையில போய் உக்காந்து, மாடு எப்படி இருக்குன்னு கேக்கலாம்.

ஊருக்குப் போன் பண்ணி 1995 விஷயத்தை ஆயாகிட்ட சொன்னேன். வெக்கை இப்ப உலகத்துலயே இல்ல ஆயா, கடைசியா நம்ம மாவட்டத்துலதான் இருந்துச்சாம்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "அந்தப் பதினோரு மாட்டுக்காரர் இருந்தா சந்தோஷப்பட்டிருப்பார்" அப்படின்னாங்க.

பி.கு: உங்க வீட்டுலயோ, ஊர்லயோ மாடு ஆடு இருந்தா இதை மட்டும் மனசுல வைங்க. திடீர்னு காய்ச்சல், வாயிலயோ குளம்புலயோ புண், தோல்ல கட்டி, ரத்தக் கழிச்சல், ஒரே நேரத்துல ரெண்டு மூணு உருப்படிக்கு ஒரே மாதிரி வர்றது, திடீர்ச் சாவு - இதுல எது வந்தாலும் பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்க, இல்ல 1962க்குப் போன் பண்ணுங்க. திடீர்னு செத்த மாட்டை அறுக்காதீங்க, அடைப்பானா இருந்தா மனுஷனுக்கும் தொத்தும். வெக்கையோட சொந்தக்காரன் ஆட்டுக்கொல்லி இன்னும் உயிரோடதான் இருக்கான். அவனை 2030க்குள்ள ஒழிக்கணும்னு உலக அளவுல குறி வச்சிருக்காங்க. அதுக்கும் முதல்ல யாராவது வாயைத் திறந்து சொல்லணும்.